சோம்புக் குமிழும் செர்காம் வெயிலும்

மலாக்கா நகரத்துப் பேரங்காடிகளில், வெளிநாட்டுக் காய்கறிகள் அடுக்கிய பக்கத்தில், வெள்ளையும் இளம்பச்சையுமாக ஒரு காய் கிடக்கும். விலைச்சீட்டில் ‘ஃபெனல்’ என்று இருக்கும். எடுத்து மோந்து பார்த்தால் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியின் சோம்பு வாசம். இவ்வளவு பழகிய வாசம் உள்ள செடியை நம் வீட்டுக் கொல்லையிலேயே வளர்க்கலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்தில் காய்கறி போடும் பலருக்கும் அந்த ஆசை வரலாம். விதை வாங்கித் தூவுகிறார்கள். முளைக்கிறது. இறகு இறகாக இலை விடுகிறது. ஆனால் அடி பருப்பதில்லை. ஒரு நாள் பார்த்தால் நடுத்தண்டு இடுப்பளவு எழும்பி, மஞ்சள் பூ விரித்து நிற்கிறது. “நமக்குக் கைராசி இல்லை” என்று செடியைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள்.

இதற்கும் கைராசிக்கும் தொடர்பு இல்லை. இந்தச் செடி எந்தச் சீதோஷ்ணத்தில் வாழப் பழகியது, எதைக் கண்டால் குமிழ் கட்டுவதை விட்டுவிட்டுப் பூக்கப் போகிறது என்பது தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மீதிப் பாதி வெயிலையும் தண்ணீரையும் நாம் எப்படிக் கையாள்கிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் விதை. சமையலுக்கு வாங்கும் சோம்பு, அதாவது மலாய்க் கடைகளில் ஜிந்தான் மானிஸ் என்று கேட்டு வாங்குவது, விதைக்காகவே வளர்க்கப்படும் வகை. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பரவலாகப் பயிராவது இதுதான். வறுக்காத, பழசாகாத சோம்பாக இருந்தால் அதுவும் முளைக்கும், ஆளுயரம்கூட வளரும். ஆனால் என்ன உரம் போட்டாலும் அதன் அடியில் குமிழ் கட்டாது, ஏனென்றால் அந்தக் குணம் அந்த வகைக்குக் கிடையாது. குமிழ் கட்டுவது அதே இனத்தில், இத்தாலியில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வேறொரு வகை. தாவரவியலார் அதற்கு அசோரிகம் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மில் பலருடைய முயற்சி தோற்பது இந்த முதல் படியிலேயே. அஞ்சறைப் பெட்டிச் சோம்பை விதைத்துவிட்டுக் குமிழுக்குக் காத்திருப்பது வீண்.

அடுத்தது குமிழ். பலரும் அதை முள்ளங்கி, பீட்ரூட் மாதிரி மண்ணுக்குள் விளையும் கிழங்கு என்று நினைத்து, கிழங்குக்குப் போடும் உரத்தைப் போடுகிறார்கள். குமிழை நெடுக்கில் வெட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். ஒவ்வொரு இலையின் காம்பும் அடியில் அகலமாகி, சதை பிடித்து, அடுத்த காம்பை அணைத்துக்கொண்டு நிற்கும். வாழையின் தண்டு எப்படி இலை மட்டைகள் சுற்றி உருவானதோ அப்படியேதான் இதுவும். நடுவில் சின்னதாக, கூம்பு வடிவத்தில் ஒரு குருத்து இருக்கும். அதுதான் உண்மையான தண்டு. அந்தக் குருத்து அடங்கிக் கிடக்கும் வரைக்கும் மட்டைகள் தடிக்கும். அது நீளத் தொடங்கிய அன்று மட்டைகள் தடிப்பதை நிறுத்திவிட்டு நாராகத் தொடங்கும். ஆகவே குமிழ்ச் சோம்பு வளர்ப்பது என்பது அந்தக் குருத்தை எழுப்பாமல் வைத்திருப்பதுதான். மற்ற எல்லாக் குறிப்புகளும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

குருத்து ஏன் எழும்புகிறது? செடியின் பிறந்த மண்ணைப் பார்த்தால் விளங்கும். மலாக்காவில் வெளியூர்ச் செடி வேரூன்றுவது புதிதல்ல. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டார். மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். ரப்பர் அமேசான் காட்டு மரம். அதற்குப் பின் வந்த செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மிளகாயும் பப்பாளியும் மரவள்ளியும் அமெரிக்க வெப்ப மண்டலச் செடிகள். இவை எல்லாமே நம்முடையதைப் போன்ற வெக்கையிலும் மழையிலும் பிறந்தவை. அதனால்தான் இங்கே வந்த வேகத்தில் தழைத்தன. சோம்பு அப்படியல்ல. அது மத்தியதரைக் கடலோரச் செடி. அங்கே குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும் காலத்தில் இலை விட்டுச் சதை சேர்த்துக்கொள்ளும். பகல் நீண்டு மண் காயத் தொடங்கினால், காலம் முடியப் போகிறது என்று பூத்து விதை விட்டுவிடும். நம் கொல்லையிலும் அந்தப் பழைய கணக்கின்படியே நடந்துகொள்கிறது.

இங்கே நமக்கு ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. நன்மை, பகலின் நீளம். ஃபுளோரன்ஸ் நகரத்தில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். அந்த நீண்ட பகல்தான் அங்கே செடியைப் பூக்கத் தூண்டும் பெரிய காரணம். அதனால் ஐரோப்பாவில் வீட்டுத் தோட்டம் வைப்பவர்கள் பலர், கோடையின் நடுப்பகுதி தாண்டிய பிறகே விதைக்கிறார்கள். செர்காம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 2 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறைந்த பகலுக்கும் கால் மணி நேரம்கூட வித்தியாசம் வராது. ஆகவே விதைப் பொட்டலத்தின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் மாதக் கணக்கு நமக்குப் பொருந்தாது. அதை நம்பி ஜூன், ஜூலையில் விதைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

தொல்லை, வெப்பம். குமிழ் நன்றாகப் பருக்க ஏறத்தாழ 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இதமான குளிர்ச்சி வேண்டும். நம் பகல் 30-ஐத் தாண்டும், இரவு 23, 24-க்குக் கீழே இறங்குவது அரிது. பகல் வெயிலைக் காட்டிலும் இந்த இரவுப் புழுக்கம்தான் குமிழை அதிகம் பாதிக்கிறது. செடி பகலில் வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது, இரவில் சுவாசித்து அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இரவு குளிர்ந்தால் செலவு குறைந்து மிச்சம் மட்டையில் சேரும். இரவும் சூடாக இருந்தால் சேமிப்பு கரைந்துபோகும். கேமரன் மலையிலும் நீலகிரியிலும் நுவரெலியாவிலும் குளிர்ப் பிரதேசக் காய்கறி செழிப்பதற்கு இந்தக் குளிர்ந்த இரவு பெரிய துணை.

ஆகவே நம் எதிர்பார்ப்பை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். பேரங்காடியில் கிடக்கும் கனத்த குமிழ் குளிர்ப் பிரதேசத்தில் விளைந்தது. செர்காம் சமவெளியில் அதே கனத்தைக் கேட்பது செடிக்கும் நமக்கும் அநியாயம். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு குமிழ், அதோடு மாதக்கணக்கில் பறிக்கும் அளவுக்கு இலையும் காம்பும் என்று திட்டமிடுங்கள். சிறு குமிழுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இளசாக அறுப்பதால் நார் இருக்காது, வாசமும் குறையாது.

காலத்தைத் தேர்ந்தெடுப்போம். மலாக்காவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறையும். அக்டோபர், நவம்பரில் மழை கூடும். அக்டோபர் தொடக்கத்தில் கூரைக்குக் கீழே நாற்று விட்டால், செடி வேர் பிடிக்கும் பருவத்தில் மழை ஈரம் கிடைக்கும். சதை சேரும் டிசம்பரில் மேகமூட்டமும் சற்றே குளிர்ந்த காற்றும் துணை நிற்கும். பிப்ரவரி வறட்சி வருவதற்குள் அறுத்துவிடலாம். ஒரே நாளில் எல்லா விதையையும் போடாதீர்கள். இரண்டு, மூன்று வார இடைவெளியில் ஐந்தாறு விதையாகப் போட்டுக்கொண்டே வந்தால், ஒரு தடவை வெயில் மாட்டிவிட்டாலும் அடுத்தது தப்பிக்கும்.

விதை வாங்கும்போது குமிழ் வகையா என்பதையும், சீக்கிரம் பூத்துவிடாத ரகமா என்பதையும் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் உருவான ஸெஃபா ஃபினோ அப்படிப் பெயர் எடுத்த ரகம். கலப்பின வகைகளில் ஓரியன் பரவலாகத் தெரிந்தது. விதையின் வயதும் முக்கியம். பழைய விதை முளைப்பதும் குறைவு, முளைத்தாலும் சோர்ந்த நாற்றாகத்தான் வரும். மீதி விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டுக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள்.

மண் நம் வட்டாரத்தில் இரண்டு மாதிரி. கடலோரம், செர்காம் பந்தாய்ப் பக்கம், கனமான களிமண். மழை பெய்தால் நீர் தேங்கும், காய்ந்தால் பாறையாக இறுகும். உள்நாட்டுப் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டங்கள் இருந்த மேட்டு நிலத்தில், இரும்புச் சரளை கலந்த செம்மண். மண்ணியல் வகைப்பாட்டில் ‘மலாக்கா’ என்ற பெயரிலேயே ஒரு செம்மண் தொகுதி உண்டு. இரண்டு மண்ணுக்கும் பொதுவான குறை புளிப்பு. சோம்புக்கு அமில காரக் குறியீடு 5.5-க்கு மேல், முடிந்தால் 6-ஐத் தாண்டி இருப்பது நல்லது. விதைப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறி விடுங்கள். சுண்ணாம்பும் கோழி எருவும் ஒரே நாளில் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் எருவின் சத்து வாயுவாகப் பறந்துவிடும்.

பாத்தியை 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுப்புங்கள். மக்கிய எருவும் எரித்த உமியும் கலந்தால் களிமண்ணும் தளரும், செம்மண்ணும் ஈரம் பிடிக்கும். பாத்திக்கு இடமில்லாதவர்கள் பாலிபேக்கில் வளர்க்கலாம். ஆனால் கறுப்புப் பை வெயிலில் கொதிக்கும். உள்ளே வேர் வெந்துபோவதை மேலே இலை வாடும்போதுதான் அறிவோம். பையைச் சுற்றி வெள்ளைச் சாக்கு கட்டுங்கள், அல்லது பாதிக்கு மேல் மண்ணில் புதைத்து வையுங்கள். தரையின் குளிர்ச்சி வேருக்குக் கிடைக்கும்.

சோம்புக்கு ஆணிவேர். அதைத் தொந்தரவு செய்தால், செடி அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு பூக்கக் கிளம்பிவிடும். அதனால் நாற்றைப் பிடுங்கி நடும் பழக்கம் இதற்கு ஆகாது. பாத்தியிலேயே நேரடியாக ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கலாம். அல்லது காகிதக் கோப்பையில் இரண்டு விதை போட்டு, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரியால் வெட்டிவிட்டு, கோப்பையோடு குழிக்குள் இறக்கலாம். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். மண் மிகச் சூடாக இருந்தால் முளைப்பு குறையும், எனவே விதைத்த கோப்பைகள் நிழலில் இருக்கட்டும். மூன்று, நான்கு வாரத்தில், வேர் கோப்பையின் அடியில் சுருளத் தொடங்கும் முன்பே நட்டுவிடுங்கள். செடிக்குச் செடி 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி. நெருக்கமும் செடிக்கு ஒரு நெருக்கடிதான்.

வெயிலும் நிழலும் எவ்வளவு? காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும், பிற்பகல் வெயில் வேண்டாம். வீட்டின் கிழக்குப் பக்கம் பொருத்தமான இடம். அது கிடைக்காதவர்கள் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் தடுக்கும் நிழல் வலையைப் பாத்திக்கு மேலே, காற்றுப் புழங்கும் உயரத்தில் கட்டலாம். அடர்ந்த வலை வேண்டாம். அதற்குக் கீழே செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக நீளும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் இடறுகிறார்கள். மூன்று நாள் மறந்துவிட்டு நான்காம் நாள் குழாயைத் திறந்துவிடுவது இந்தச் செடிக்கு ஆகவே ஆகாது. மண் காய்ந்தால் குருத்து எழும்பும், திடீரென்று நனைந்தால் மட்டை பிளக்கும். தினமும் காலையில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். நுனியில் ஈரம் ஒட்டினால் போதும், ஒட்டாவிட்டால் அப்போதே ஊற்றுங்கள். வெயில் கடுமையான நாளில் மாலையிலும் ஒரு முறை. காய்ந்த லாலாங் புல்லையோ வைக்கோலையோ மூன்று விரல்கிடை மூடாக்காகப் பரப்பினால் மண் குளிர்ந்திருக்கும். மூடாக்கு செடியின் அடியைத் தொடாமல் சற்று விலகியே இருக்கட்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் அழுகல் வரும்.

உரம் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. கோழி எருவை அளவுக்கு மேல் கொட்டினால் இலை காடாகத் தழைக்கும், அடி மெலிந்தே நிற்கும். மக்கிய எருவைத் தண்ணீரில் ஊறவைத்து நீர்க்க விட்டால் போதுமானது.

ஏழு, எட்டு வாரம் ஆனதும் தினமும் செடியின் அடியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இரு விரலால் அடியைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அகலம் கூடிக்கொண்டே வந்து, அழுத்தினால் சதைப்பற்றாக இருந்தால் குமிழ் கட்டுகிறது என்று பொருள். கோழி முட்டை அளவு வந்ததும், சுற்றியுள்ள மண்ணைப் பாதி உயரத்துக்கு அணைத்து விடுங்கள். வெயில் படாத மட்டை வெளுத்து மென்மையாகும். மாறாக, நடுவில் கடினமான குச்சி ஒன்று மேலேறுவது விரலுக்குத் தட்டுப்பட்டால் அது குருத்து. அதற்குப் பிறகு குமிழ் பருக்காது. நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் அன்றே அறுத்துவிடுங்கள். ஒரு வாரம் போனால் நார் மட்டும்தான் மிஞ்சும்.

பூச்சியும் நோயும் பெரிய தொல்லையல்ல. இளம் நாற்றை நத்தை மேய்ந்துவிடும், மழை ஓய்ந்த இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்க வேண்டும். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். ஆனால் இரண்டு தவறான நம்பிக்கைகளைத் தெளிவுபடுத்துவது நல்லது. சோம்புக்குப் பக்கத்தில் கொத்துமல்லி இருந்தால் இரண்டும் கலந்து குமிழ் கெட்டுவிடும் என்று சொல்வார்கள். கொத்துமல்லி வேறு பேரினம், சோம்போடு கலக்காது. அப்படியே ஏதாவது செடியோடு மகரந்தம் கலந்தாலும் அது அடுத்த தலைமுறை விதையில்தான் தெரியும், இந்தச் செடியின் குமிழைத் தொடாது. இரண்டாவது, சோம்பு பக்கத்துச் செடியைக் கொன்றுவிடும் என்ற பேச்சு. சோம்பின் சாறும் எண்ணெயும் வேறு விதைகள் முளைப்பதைத் தடுப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதனால் கத்தரி, பயற்றங்காய் விதைக்கும் பாத்தியில் இதைக் கலக்காமல் தனிப் பாத்தி கொடுப்பது நல்லது. மற்றபடி அடுத்த பாத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

விதைத்த மூன்று மாதத்தை ஒட்டி அறுவடை. வேரோடு பிடுங்காமல் மண்மட்டத்துக்குச் சற்று மேலே கத்தியால் அறுத்தால், மிச்ச அடியிலிருந்து சிறு துளிர்கள் மறுபடி வரும். அவை குமிழாகாது, கீரையாகும். குமிழை மெல்லிசாகச் சீவி, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாற்றோடு பச்சையாகப் பிசைந்தால் வாசம் முழுசாகக் கிடைக்கும். அந்த வாசத்தைத் தரும் அனெத்தோல் என்ற எண்ணெய்ப் பொருள் வேகவேக ஆவியாகிவிடும். ஆகவே தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்வதானாலும் சட்டியில் அதிக நேரம் வைக்காதீர்கள். செர்காம் பந்தாய் சுட்ட மீனுக்குப் பேர்போன இடம். மீனைச் சுடுவதற்கு முன் வயிற்றுக்குள் ஒரு பிடி சோம்பிலையை அடைத்துப் பாருங்கள், கவுச்சி அடங்கிவிடும். நூறு கிராம் குமிழில் ஏறத்தாழ 31 கலோரி, 3 கிராம் நார்ச்சத்து, 12 மில்லிகிராம் வைட்டமின் சி. மருந்தாகக் கொண்டாட ஒன்றுமில்லை, நல்ல காய்கறி அவ்வளவுதான்.

ஒரு காய்கறிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். நம் தோட்டப்புற வாழ்க்கையில் லயத்து வீட்டுப் பின்பக்கத்துப் பாத்தி வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. கூலி போதாத காலத்தில் முருங்கையும் வெண்டையும் பசலியும் குழம்புச் சட்டியை நிரப்பின. 1974-இல் துன் அப்துல் ரசாக் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டத்தைக் கொண்டுவந்து, வீட்டு நிலத்தில் காய்கறி போடுமாறு மக்களை ஊக்கப்படுத்தியது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, அடுக்குமாடி வீட்டுக்காரர்களும் மண்ணைத் தேடிப் போனார்கள். இந்த அறிவு கைமாறிக் கைமாறி வந்தது. எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர், எந்தச் செடிக்கு எவ்வளவு நிழல் என்பதை நம் பாட்டிமார் ஏட்டில் எழுதி வைக்கவில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். புதிதாக வரும் செடிக்கும் அதே கவனிப்பைக் கொடுத்தால் மட்டுமே அந்த அறிவு வளரும். விதைத்த தேதி, நட்ட தேதி, குருத்து எழும்பிய தேதி, அந்த வாரத்து மழை, வெயில், இவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். செர்காம் மண்ணுக்கு ஏற்ற சோம்புப் பருவத்தை எந்த விதைப் பொட்டலமும் சொல்லித் தராது. நம் நோட்டுகள்தான் சொல்ல வேண்டும்.

அதே சமயம், வீட்டுப் பாத்தி அகலமானதல்ல, குடும்பத்துக்குச் சோறு போட வேண்டிய இடம். அதனால் ஒரு வரையறையோடு இறங்குங்கள். இந்த அக்டோபரில் ஒரு பாத்தி, எட்டு, பத்துச் செடி, அதற்கு மேல் வேண்டாம். குமிழ் சிறிதாக வந்தாலும் சரி, அடுத்த பருவத்தில் விதைக்கும் வாரத்தையும் நிழலையும் மாற்றிப் பாருங்கள். இரண்டு பருவம் முறையாகச் செய்தும் அடி பருக்கவில்லை என்றால் உங்கள் இடத்துக்கு வெக்கை அதிகம் என்று முடிவு கட்டலாம். அப்போது பாத்தியை வெண்டைக்கும் பயற்றங்காய்க்கும் திருப்பிக் கொடுத்துவிட்டு, இலைக்காக இரண்டு சோம்புச் செடியை ஓரத்தில் விட்டுவையுங்கள். அதற்கு அஞ்சறைப் பெட்டிச் சோம்பே போதும்.